அக்காவின் முகம் இருந்த இடம்

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது ஏழெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தோம். தாத்தாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அம்மா மதில் ஓரமாக இருந்த ஒரு குட்டிக் கல்லறையருகே போய் மிச்சமிருந்த சாமந்திப் பூக்களை வைத்தாள். அது யாருடையது என்று கேட்டேன்.

"உங்க அக்கா" என்றாள்.

மேற்கொண்டு கேட்கக் கூடாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பிறகு அத்தைகள் பேசிக்கொண்டதிலிருந்து துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். நான் பிறப்பதற்கு முன்பே, ஆறு வயதில், மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட மாட்டியிருக்கவில்லை. அவள் எப்படி இருந்திருப்பாள் என்று யோசிக்கும்போதெல்லாம் என் முகத்தையே கொஞ்சம் சின்னதாக்கி அவளுக்கு வைத்துக்கொள்வேன்.

அப்பா மணிமங்கலத்துக்கு அப்பால் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தார். அங்கே இருந்த வெளிநாட்டு டாக்டர், ஆறாத புண்களைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர். அதற்காக நோயாளிகளின் கால்களையும் கைகளையும் ஸ்லைடு பிலிமில் படம் எடுக்கச் சொல்வார். படம் எடுப்பது அப்பாவின் வேலை. சுருளின் கடைசியில் மூன்று நான்கு படங்கள் மிஞ்சும். அவற்றை வீட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தாராம்.

ஸ்லைடு என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. தீப்பெட்டியின் அகலம்கூட இல்லாத பிலிம் துண்டு, அதைச் சுற்றி ஓர் அட்டைச் சட்டம். நெகடிவ் போல நிறங்கள் தலைகீழாக இருக்காது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும், எடுத்த நாள் அப்படியே நிறத்தோடு உள்ளே நிற்கும்.

அப்பா போன பிறகு அந்த ஸ்லைடுகள் இருந்த தகரப் பெட்டி என்னிடம் வந்தது. வேலையும் வீடு மாற்றங்களுமாகப் பல வருடங்கள் அதைத் திறக்கவே இல்லை. போன மழைக்காலத்தில், படப்பையில் நானும் அம்மாவும் இருக்கும் அடுக்குமாடி வீட்டின் பரணில் ஈரம் இறங்கியது. சாமான்களை இறக்கும்போது தகரப் பெட்டியிலிருந்து புளித்த காடி வாசனை வந்தது.

"அத்த இன்னாத்துக்கு இப்ப தொறக்கற?" என்றாள் அம்மா. "அதுல இன்னா கீது? எல்லாம் புண்ணுங்கதான். மூடி வை."

"அக்கா படம் இருக்கும் இல்ல?"

அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் இன்னும் ஆள் வரவில்லை. விற்ற வீடுகளிலும் பலர் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள். பகலில் மெயின் ரோட்டில் போகும் டிரெய்லர் லாரிகளின் இரைச்சல் மட்டும் வரும். ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர் பிளாக்கில் வரிசையாகத் திரைச்சீலை இல்லாத ஜன்னல்கள். அந்தப் பக்கம் முகம் காட்டியபடி உட்கார்ந்துதான் முதல் ஸ்லைடை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.

ஒரு பாதம். குதிகாலில் குழி விழுந்த புண். அடுத்தது இன்னொரு பாதம். பிறகு விரல்கள் மடங்கிப்போன ஒரு கை. பக்கத்தில் அளவு தெரிய ஒரு ஸ்கேல். அப்படியே பத்துப் பதினைந்து. பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரு முற்றம். என் அம்மா. இருபத்து ஐந்து வயது இருக்கும். சிரித்துக்கொண்டு ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறாள். குழந்தைக்கு முகம் இல்லை.

தூசி என்று நினைத்து ஊதினேன். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு வட்டம். அதற்குள் செடியின் வேர்களைப் போல மெல்லிய கிளைகள். பூஞ்சை. ஆனால் அம்மாவின் முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அவள் காதுத் தோடு மின்னுவதுகூடத் தெரிந்தது. முற்றத்தில் நின்ற கோழி தெளிவாக இருந்தது.

தகரப் பெட்டிக்குள் இருந்த அடுத்த டப்பாவில் அதே குழந்தை, கொஞ்சம் வளர்ந்து, அப்பாவின் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்திருந்தது. முகம் இல்லை. இன்னொன்றில் ஆஸ்பத்திரி வாசலில் ஊழியர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் முகம் இருக்கிறது. முன்வரிசையில் ஒரு சின்னக் கவுனுக்கு மேலே வட்டம். பக்கத்தில் நின்ற நர்ஸின் இடுப்பையும் அது கொஞ்சம் தின்றிருந்தது.

கடைசியாகப் பார்த்ததுதான் என்னை எழுந்து நிற்க வைத்தது. தூரத்திலிருந்து எடுத்த படம். வெயிலில் ஒரு நீண்ட மதில். மதிலடியில் அதே வட்டம். ஆள் தூரத்தில் நின்றதால் வட்டம் அவளை முழுவதுமாக விழுங்கிவிட்டது. தரையில் அவளுடைய நிழல் மட்டும் விழுந்திருந்தது, இரண்டு சடைகளோடு.

நான் ஒரகடத்தில் கார் ஹெட்லைட் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். கண்ணாடி போன்ற முன் மூடிகளைப் பார்த்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயல் இல்லை, எங்கோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே வட்டம் எல்லா ஸ்லைடிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அவள் கிட்டே நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அவளையே தேடிப் போய் உட்கார்ந்திருந்தது. அவள் இல்லாத ஸ்லைடுகளில் பூஞ்சை ஓரங்களில் மட்டும் லேசாக இருந்தது.

யாரோ செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. முதலில் அம்மாவைத்தான் நினைத்தேன். துக்கத்தில் மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள். அன்று சாப்பிடும்போது கேட்டேன்.

"அம்மா, அந்தப் பெட்டிய நீ எப்பவாச்சும் தொறந்தியா?"

"நான் தொட்டதே இல்ல. அவ போனப்புறம் உங்கப்பாவும் தொடல. அப்டியே மூடி வெச்சாரு." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "ஏன், இன்னா?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பூஞ்ச பிடிச்சிருக்கு."

பூஞ்சை நிற்காது, வளரும். இன்னொரு மழைக்காலம் போனால் நிழலும் மிஞ்சாது. அதனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சென்னையில் ஒரு லேபில் விசாரித்தேன். நன்றாகச் செய்வார்களாம். ஆனால் ஒரு ஸ்லைடுக்குச் சொன்ன விலையை எங்களிடம் இருந்த ஸ்லைடுகளின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்ததும் போனை வைத்துவிட்டேன். ஆபீஸில் ஒருவர் இணையத்தில் வாங்கிய சின்ன ஸ்கேனரைக் கொடுத்துப் பார்த்தார். அதில் மனிதர்கள் எல்லோரும் நீலமாக வந்தார்கள். டேப்லெட் திரையை வெள்ளையாக வைத்து அதன் மேல் ஸ்லைடை வைத்துப் போனில் படம் பிடித்தேன். திரையின் புள்ளிகள் வலை போட்டதுபோல அம்மாவின் முகத்தின் மேல் விழுந்தன.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோ கிடைத்தது. விலை பரவாயில்லை. பூஞ்சை, கீறல் எல்லாவற்றையும் சுத்தம் செய்து கொடுப்பதும் அதே விலைக்குள் வரும் என்றார் கடைக்காரர். பதம் பார்க்க மூன்று ஸ்லைடுகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு, அக்கா வேப்பமரத்தடியில் நிற்பது, அடுத்தடுத்து எடுத்தவை. மூன்றாவது அந்த மதில்.

இரண்டு நாளில் படங்கள் போனுக்கு வந்தன. நான் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். திறந்தேன்.

வேப்பமரத்தடியில் ஒரு பெண் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. சிவந்த முகம், சீரான பற்கள், பெரிய கண்கள்.  அக்கா என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த படத்தைத் தள்ளினேன். அதே மரம், அதே கவுன், அதே நொடி. ஆனால் வேறொரு குழந்தை. நீள முகம், ஒடுங்கிய மூக்கு. அவளும் சிரித்தாள்.

மூன்றாவதில் யாருமே இல்லை. வட்டம் இருந்த இடத்தில் மதில் சுத்தமாக, கல் கல்லாக நீண்டு போனது. அதற்குக் கீழே, தரையில், இரண்டு சடை போட்ட நிழல் அப்படியே கிடந்தது.

பஸ் படப்பை வரும்வரை நான் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். இறங்கியதும் ஸ்டுடியோவுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணே, அந்த மொகம் எங்கேருந்து வந்துச்சு?"

"சாஃப்ட்வேரே போட்டுக்கும் மேடம். அங்க ஒண்ணுமே இல்லையே. காலியா உட்டா பாக்க நல்லாவா இருக்கும்?"

"அது யாரோட மொகம்?"

"யாரோடதும் இல்ல மேடம்" என்றார், என்னைச் சமாதானப்படுத்துவதுபோல. "அதனால பின்னாடி ஒரு பிரச்சனையும் வராது."

ஸ்லைடுகளைத் திரும்பிப் போய் வாங்கிக்கொண்டேன். பாவம், அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. தேய்ந்த படத்தைக் கொடுத்து நல்ல படம் கேட்பவர்கள்தான் அவரிடம் வருகிறார்கள். ஆனால் அந்தப் படங்களை நான் போனிலிருந்து உடனே அழித்திருக்க வேண்டும். அதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். சோபாவில் கிடந்த என் போனை மணி பார்க்க எடுத்திருக்கிறாள்.

நான் குளித்துவிட்டு வரும்போது போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் குழந்தை. சிவந்த முகம்.

"இவதான்" என்றாள்.

"அம்மா, அது வந்து..."

"பல்லு இப்டிதான் இருக்கும் அவளுக்கு. வரிசையா." கண்களைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. "என் போன்ல போட்டுக் குடு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன். இத்தனை காலமும் அக்காவைப் பற்றி வாயே திறக்காதவள், அன்று முதல் முறையாக அவளுடைய பற்களைப் பற்றிப் பேசினாள். போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு வீடு மாறிவிட்டது. மதியம் ஷிப்ட் முடிந்து வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று செருப்பைத் தேடுவேன். அம்மாவின் செருப்பு மட்டும் இருக்கும். அவள் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். திரையில் அந்தக் குழந்தை அதே சிரிப்போடு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. யாருக்கும் பிறக்காத ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வார நாட்களில் உற்பத்தி லைனில் இருப்பாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்த குழந்தைகளைப் படம் எடுத்துக் கொடுப்பாள். பிஞ்சு விரல்களையும் பாதங்களையும் மிகக் கிட்டத்தில் எடுக்க ஒரு லென்ஸ் வைத்திருந்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஏக்கா, அதுக்கு ஸ்டுடியோ என்னத்துக்கு? பின்னாடி ஒரே சீரா வெள்ள வெளிச்சம் இருந்தா போதும். நம்ம கேமராவுலயே எடுத்திரலாம். நாம கை வைக்காட்டா அது ஒண்ணையும் தானா மாத்தாது" என்றாள்.

வெளிச்சத்துக்கு எங்கள் கம்பெனியிலேயே வழி இருந்தது. விளக்கொளியைச் சீராகப் பரப்பும் பால் நிறத் தகடு ஒன்று, ஓரம் உடைந்து கழிவில் கிடந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு, கேட் பாஸ் போட்டு எடுத்துவந்தேன். அடியில் ஒரு எல்.இ.டி. விளக்கு, மேலே தகடு, அதன் மேல் ஸ்லைடு உட்காரும் அளவுக்கு வெட்டிய கறுப்பு அட்டை, அதற்கு மேலே தலைகுப்புறப் பார்க்கும் கேமரா. செலவு என்று பார்த்தால் அந்த விளக்குக்கு மட்டும்தான்.

ஞாயிறு நான் பூசைக்குப் போய் வந்ததும் தோழி கேமராவோடு வந்தாள்; இருவரும் என் அறையின் ஜன்னல்களைப் போர்வையால் மூடினோம். அம்மா கூடத்தில் இருந்தாள். ஒவ்வொரு ஸ்லைடாக நான் வைக்க, தோழி எடுக்க, படம் லேப்டாப்பில் வந்து விழுந்தது. நோயாளிகளின் படங்களை நான் தனியாக ஒதுக்கினேன். அவை எங்களுடையவை அல்ல.

மதில் படம் வந்தபோது அவள் பெரிதாக்கினாள். எங்கே கூர்மையாக இருக்கிறது என்று பார்க்கத்தான். வட்டம் திரை முழுக்க விரிந்தது. வேர்கள், கிளைகள். இன்னும் பெரிதாக்கினாள். கிளைகள் தாறுமாறாக ஓடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவை வரிவரியாக, ஒன்றுக்குள் ஒன்றாக, வளைந்து போயின.

 அந்த வரிகளை நான் தினமும் பார்க்கிறேன். ஹெட்லைட் மூடியில் பூச்சு ஏறுவதற்கு முன் யாராவது கிளவுஸ் இல்லாமல் தொட்டுவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பில் சுட்டு வெளியே வந்ததும் விரல் ரேகை மலர்ந்துவிடும். தொட்டவர் வீட்டுக்குப் போய்விட்ட பிறகும் தொட்ட இடம் இருந்துகொண்டே இருக்கும். விரலின் எண்ணெய்ப் பசைதான் காரணம். பூஞ்சைக்கும் அதுதான் சாப்பாடு.

"விரல்" என்றேன். "யாரோ விரல் வெச்சிருக்காங்க."

அவள் அடுத்த படத்தைத் திறந்தாள். சைக்கிள். அதற்கடுத்து வேப்பமரம். எல்லாவற்றிலும் அதே வளைவுகள். தன் விரலைத் திரையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அசல் ஸ்லைடை வெளிச்சத் தகட்டின் மேல் வைத்து, வட்டத்துக்கு நேராகத் தன் விரலைக் காற்றில் நிறுத்தினாள். வட்டம் அவள் விரலுக்குள் மறைந்து போயிற்று.

"அக்கா, இது பெரிய ஆளு வெரல் இல்ல" என்றாள் மெதுவாக. "சின்னப் புள்ள வெரல். நான் எத்தன வெரல் எடுத்திருக்கேன். வரி எவ்ளோ நெருக்கமா கெடக்கு பாருங்க."

அறை இருட்டாக இருந்தது. தகட்டின் வெளிச்சம் கீழிருந்து அவள் முகத்தில் பட்டது. அந்தப் பெட்டி மூடப்பட்டபோது அந்த வீட்டில் வேறு சின்னப் பிள்ளை கிடையாது. நான் பிறக்கவே இல்லை.

கதவைத் திறந்து கூடத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, அப்பா இந்தப் படத்தையெல்லாம் அக்காகிட்ட காட்டுவாரா?"

அம்மாவின் கையில் போன் இருந்தது.

"காட்டாம?" என்றாள். "கழுவுன பிலிம் பெட்டி வந்துச்சுன்னா ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் வராததுமா ஜன்னலாண்ட குந்திக்குவாரு. அவ மடியில ஏறிக்குவா. ஒண்ணொண்ணா தூக்கிப் புடிச்சி, பாப்பா எங்க, பாப்பா எங்கன்னு கேப்பாரு. இவ இதோ, இதோன்னு வெரல வெச்சி அழுத்துவா. தொடாதம்மா, அழுக்காவும்னு சொல்லிக்கினே இருப்பாரு. அவ கேக்க மாட்டா. அவரும் சட்ட நுனியில தொடச்சிட்டு அடுத்தத எடுப்பாரு."

துடைத்தால் போகாத பசை அது. பெட்டிக்குள் இருட்டில், ஈரத்தில், இத்தனை வருடமாக அவள் விரல் வைத்த இடங்களில் அது தானாக வளர்ந்திருக்கிறது. இதோ நான், இதோ நான் என்று காட்டிக் காட்டித் தன்னை அவளே அழித்துவிட்டிருக்கிறாள்.

நான் அறைக்குத் திரும்பி நின்றபடியே சொன்னேன். தோழி கேட்டுவிட்டு, "நான் டீ போடுதேன் அக்கா" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். தனியாக அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் முகத்தைத் தேடி வந்தேன். அவளுடைய விரல் நுனி என் எதிரே, என் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் உடம்பிலிருந்து இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இதுதான் என்று தோன்றியது. உள்ளேயிருந்து கண்ணாடியில் விரல் வைத்து யாரோ அழுத்துவதுபோல இருந்தது. பயமாகவும் இருந்தது, எழுந்துபோக மனமும் இல்லை.

தோழி டீயோடு வந்து, வேண்டுமானால் பூஞ்சையைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே அழிக்கலாம் என்றாள். வேண்டாம், ஒரு வரிகூட அழிக்காமல் எடுத்துக்கொடு என்றேன்.

வேலையைத் தொடர்ந்தோம். ஸ்லைடை வைத்துக்கொண்டே இருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவள் பார்த்த படங்களில்தான் விரல் வைத்திருப்பாள். பார்க்காத படத்தில்?

மறுபடியும் கூடத்துக்குப் போனேன். "அம்மா, அக்கா போனப்புறம் ஏதாச்சும் பிலிம் கழுவி வந்துச்சா?"

"ஒண்ணு வந்துச்சு" என்றாள் அம்மா, யோசிக்காமலே. "பம்பாய்க்கு அனுப்பி வர வேண்டியதுதானே, மாசக் கணக்காவும். காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் வந்துச்சு. உங்கப்பா பிரிக்கல. அப்டியே உள்ள போட்டாரு."

தகரப் பெட்டியின் அடியில், நோயாளிகளின் படங்கள் என்று நான் ஒதுக்கிய டப்பாக்களுக்கு நடுவில், அது இருந்தது. மூடியைச் சுற்றிய காகிதப் பட்டை கிழியாமல் இருந்தது. இத்தனை காலமாக அதை யாரும் தொடவில்லை என்பதை நினைத்துக் கிளவுஸ் போட்டுக்கொண்டேன். பட்டையை வெட்டினேன்.

பாதங்கள். மறுபடியும் பாதங்கள். ஒவ்வொன்றையும் ஒதுக்க ஒதுக்க, இதில் அவள் இல்லை என்றே நினைத்தேன். கடைசி இரண்டு ஸ்லைடுகள் மிச்சம். முதலாவது கை ஆடி மங்கலாகிவிட்டிருந்தது. இரண்டாவதைத் தகட்டின் மேல் வைத்தேன். தோழி கேமராவைச் சரிசெய்தாள். லேப்டாப்பில் படம் வந்தது.

வெளிச்சமே படாமல் இருந்த பிலிம். நிறங்கள் இன்று காலையில் எடுத்ததுபோல இருந்தன. மழை பெய்து ஓய்ந்த ஈரத் தரை, அதில் வெயில். ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். கறுத்த, சப்பையான முகம். முன் பல் ஒன்று விழுந்திருந்தது. ஒரு புருவத்தின் மேல் தழும்பு. சிரிக்கவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி, யாரையோ பார்க்கிறாள். என் சாயல் ஒன்றுமே இல்லை. ஸ்டுடியோவிலிருந்து வந்த இரண்டு குழந்தைகளின் சாயலும் இல்லை. இப்படி ஒரு முகத்தை நான் ஒருநாளும் கற்பனை செய்திருக்க முடியாது.

"பாவம், வெயிலு" என்றாள் தோழி.

அம்மாவை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"யாரு இது?"

"யாருன்னு பாரும்மா."

"ஆஸ்பத்திரி லைன் வீட்ல இருந்த பொண்ணா இருக்கும். அங்க நெறைய புள்ளைங்க இருந்துச்சுங்க."

"அம்மா, அக்கா."

"இல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை, திருத்துவதுபோலச் சொன்னாள். தன் போனைத் தூக்கி எனக்குக் காட்டினாள். "இவதானே அக்கா?"

இரண்டு முகங்களும் பக்கம் பக்கமாக ஒளிர்ந்தன. ஒன்று எங்களைப் பார்த்துச் சிரித்தது. இன்னொன்று எங்களைப் பார்க்கவே இல்லை. தோழி என் கையைப் பிடித்து அழுத்தினாள், விட்டுவிடுங்கள் என்பதுபோல. விட்டுவிட்டேன். அம்மா எழுந்து கூடத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே அவள் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

அந்த வாரம் முழுக்க நான் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலையில் மூடிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம், பெற்றவளே அடையாளம் காணாத அந்தப் பிள்ளை ஈரத் தரையில் நிற்பது ஞாபகம் வரும். அடுத்த ஞாயிறு காலை, நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது, அம்மா தானாகவே கேட்டாள்.

"அந்தக் கவுன இன்னொரு வாட்டி காட்டு."

"எந்தக் கவுனு?"

"அந்தப் பொண்ணு போட்டுக்கினு இருந்துச்சே."

லேப்டாப்பைத் திறந்தேன். முகத்தை அவள் பார்க்கவில்லை. கவுனைப் பெரிதாக்கச் சொன்னாள். கட்டம் போட்ட பச்சைத் துணி. ஒரு பக்கம் மட்டும் பை, அதுவும் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரி ஸ்க்ரீன் துணியில மீந்தது" என்றாள். "கவுனு தச்சி முடிச்சப்புறம் பாக்கெட்டு வேணும்னு அழுதா. மெஷின் இல்ல, கையால தச்சேன். கோணிக்கிச்சு."

அவள் விரல் திரையில் அந்தப் பையின் மேல் போயிற்று. அங்கிருந்து மெல்ல மேலே ஏறியது. கழுத்து, கன்னம். படத்தை நானே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொடுத்தேன். புருவத்துத் தழும்பின் மேல் விரல் நின்றது. அவள் அழவில்லை.

"கண்ணு கூசுது அவளுக்கு" என்றாள் கடைசியில். "வெயில்ல நிக்க வெச்சிட்டாரு. நான் இந்தாண்ட நிக்கறேன், என்னைத்தான் பாக்கறா. போதும் வான்னு சொல்லுன்னு பாக்கறா."

நான் அவள் தோளில் கை வைத்தேன். கொஞ்சம் பொறுத்து, அம்மா பக்கத்தில் கிடந்த தன் போனை எடுத்தாள். திரை ஒளிர்ந்தது. வரிசைப் பற்களோடு அந்தச் சிவந்த குழந்தை.

"அப்ப இந்தப் பொண்ணு யாரு?"

"யாரும் இல்லம்மா. மெஷின் போட்டது."

"யாரும் இல்லாம எப்டி? சிரிக்குதே."

 அழித்துவிடட்டுமா என்று கேட்டுப் போனுக்குக் கை நீட்டினேன். அம்மா போனை மடியில் கவிழ்த்து, மேலே கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "எங்க போவும் அது?"